மறைந்த நீரும் தெரிந்த நீரும்: காட்மனின் சர்க் தொட்டிப்பால ஓவியம்

ஜான் செல் காட்மன் (1782–1842) தீட்டிய சர்க் தொட்டிப்பால ஓவியம் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. இதனைத் தொழிற்புரட்சியைப் போற்றும் படைப்பு எனக் கொள்வது எளிது. ஓவியத்தை ஊன்றி நோக்கின் அக்கருத்து நிலைபெறவில்லை.

வேல்ஸ் எல்லையில் கெயிரியோக் பள்ளத்தாக்கின் குறுக்கே எல்ஸ்மியர் கால்வாயைக் கொண்டுசெல்லும் இப்பாலத்தைத் தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸாப்பும் அமைத்தனர். 1801இல் இது திறக்கப்பெற்றது. பத்து வளைவுகளும் சுமார் 70 அடி உயரமும் உடையது. கால்வாயின் அடியில் வார்ப்பிரும்புத் தகடுகளைப் பதித்துக் கட்டுமானத்தின் சுமையைக் குறைத்தமையே இதன் புதுமை. காட்மன் 1800, 1802 ஆகிய ஆண்டுகளில் வேல்ஸில் பயணம் செய்தவர். அவர் தீட்டியபோது பாலத்திற்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை.

எனினும் ஓவியத்தில் இரும்பு இல்லை, படகு இல்லை, படகை இழுக்கும் குதிரையும் இல்லை. பத்து வளைவுகளுள் சிலவே சட்டத்திற்குள் அடங்குகின்றன. பார்வை கீழிருந்து மேல்நோக்கிச் செல்வதால் கால்வாய் நீர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புலப்படும் நீர் அடியில் தேங்கியிருப்பது. வளைவுகள் அதில் தலைகீழாக நிழலாடுகின்றன. முன்புறத்தே ஒரு மரவேலி. புத்தம்புதிய கட்டடம் உரோமானியத் தொன்மை எய்திவிடுகிறது. இது போற்றுதல் அன்று. காலத்தை மாற்றிவைத்தல் எனலாம்.

செய்முறையும் இதற்குத் துணைநிற்கிறது. முந்தைய நூற்றாண்டின் இடவிளக்க ஓவியர்கள் பேனாவால் கோடிட்டு, மைப்பூச்சால் நிழல் நிரப்பி, மேலே மென்வண்ணம் தீட்டினர். அங்குக் கோடே தகவல் தரும். கல்லையும் இணைப்பையும் எண்ணிக் காட்டும். காட்மனோ தட்டையான பூச்சுகளின் விளிம்பையே வரம்பாக்குகிறார். பொறியாளர்க்கு வேண்டிய செய்திகள் அதனாலேயே கரைந்துபோகின்றன.

மறைந்த நீரைத் தொல்காப்பியர் கூறும் இறைச்சியோடு ஒப்பிட நம்மவர்க்குக் கை துறுதுறுக்கும். அவ்வொப்பீடு பொருந்தாது என்பதே இக்கட்டுரையாளர் கருத்து. இறைச்சியில் கருப்பொருள் கண்முன் நின்று தனக்கு அப்பாற்பட்டதைச் சுட்டும். இங்கோ கட்டுமானம் எதன்பொருட்டு எழுந்ததோ அப்பொருளே அகற்றப்பட்டுள்ளது. மேலே நீர் ஓடுகிறது என்பதைச் சொல்வது தலைப்பு ஒன்றே. ஆதலின் தமிழில் இதனைச் ‘சர்க் பாலம்’ எனச் சுருக்குவது தகாது. ‘தொட்டி’ என்னும் சொல் தலைப்பில் நின்றே ஆகவேண்டும்.