மையில் ஒரு மதுரை
ஓவியர் மனோகர் தேவதாஸ் (1936–2022) பிறந்து வளர்ந்த மதுரையே அவர் கலைக்கு ஊற்று. கோபுரங்கள், தெருக்கள், தொலைவில் படுத்த யானை போலத் தெரியும் யானைமலை என எல்லாம் பேனாவும் கறுப்பு மையும் கொண்டு வரைந்தவை. நிழல் விழும் இடத்தில் மெல்லிய கோடுகள் நெருங்கி நிற்கும். வெயிலுக்குத் தாளின் வெண்மையே போதும். விழித்திரை நோயால் பார்வை சிறுகச் சிறுகக் குறுகிய பிறகும் கோடு தடுமாறவில்லை என்பதுதான் வியப்பு. சிறுவயது மதுரை அவர் நினைவில் அவ்வளவு துலக்கம்! அதையே ‘கிரீன் வெல் இயர்ஸ்’ என்று ஆங்கில நாவலாகவும் எழுதினார். படங்கள் வாழ்த்து அட்டைகளாக அச்சாகி, விற்ற பணம் அறப்பணிகளுக்குப் போனது. 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.