ஊரப்பாக்கத்தின் உயரமும் கோள அலைகளும்

சென்னைக்குத் தெற்கே உள்ள ஊரப்பாக்கத்தில் நின்று ஜிபிஎஸ் கருவி காட்டும் திருத்தப்படாத உயரத்தைப் பார்த்தால், ஊரே கடலுக்குப் பல பத்து மீட்டர் கீழே கிடப்பதாகத் தோன்றும். கருவியில் பழுதில்லை. அது ஒரு சீரான நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. உண்மையான கடல்மட்டப் பரப்போ ஈர்ப்பு விசைக்கேற்ப ஏறி இறங்குகிறது. ஜியாய்டு எனப்படும் அந்தப் பரப்பு, இலங்கைக்குத் தெற்கே நீள்கோளத்தைவிட ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய தாழ்வு அது. சென்னை அதன் சரிவில் இருக்கிறது.

இந்தப் பரப்பை எழுதிவைக்க உலகம் பயன்படுத்துவது கோள இசைச் சார்புகளை. லெஜாந்தரும் லப்லாஸும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அடித்தளமிட்ட முறை இது: கோளத்தைச் சுற்றிய அலைகளை நீளமானதிலிருந்து குறுகியது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கெழு கொடுத்துக் கூட்டுவது. ஈஜிஎம்96 என்ற மாதிரி இந்த அலை வரிசையில் 360ஆம் படிவரை போகிறது. கெழுக்கள் சுமார் 1,30,000. 2008இல் வந்த ஈஜிஎம்2008 மாதிரியில் 46 லட்சத்துக்கும் மேல். சார்பு எவ்வளவு வழவழப்பானதோ அவ்வளவு வேகமாகக் கெழுக்கள் சிறுக்கும். உயரே போகப்போகக் குறுகிய அலைகள் முதலில் மங்கிவிடுவதால், தொலைவில் சுற்றும் செயற்கைக்கோளின் பாதையைக் கணிக்கச் சில படிகளே போதும். ஒரே கெழுத் தொகுப்பிலிருந்து கடல்மட்டம், ஈர்ப்பு, சரிவு மூன்றையும் பெறலாம். முழுப் பூமியையும் இத்தனை சிக்கனமாகச் சுருக்கும் முறை மனித அறிவின் பெருமிதங்களில் ஒன்று.

குறை, தரைக்கு வரும்போது தெரிகிறது.

ஒவ்வொரு அலையும் கோளம் முழுக்கப் பரவியது. தாம்பரம் வட்டாரத்தில் மட்டும் புதிய ஈர்ப்பு அளவீடுகளைச் சேர்க்க வேண்டுமானாலும், கொள்கையளவில் எல்லாக் கெழுக்களும் மாறும். நுணுக்கத்தை இருமடங்காக்கினால் கெழுக்கள் நான்கு மடங்காகும். 360ஆம் படியின் அரை அலைநீளம் சுமார் 55 கிலோமீட்டர். ஊரப்பாக்கமும் சென்னைத் துறைமுகமும் அதற்குள் அடங்கிவிடும். ஈஜிஎம்2008இல் அது ஏறக்குறைய 9 கிலோமீட்டர்.

ஈர்ப்பின் மாற்றத்தை விண்ணிலிருந்து அளந்த கிரேஸ் செயற்கைக்கோள்களிலும் இதே சிக்கல்தான். 2002 முதல் 2017 வரை மாதந்தோறும் கெழுக்களாக வந்த அதன் தரவு, வடஇந்தியாவின் நிலத்தடி நீர் வற்றுவதை உலகுக்குக் காட்டியது. ஆனால் சில நூறு கிலோமீட்டருக்குக் குறைந்த எதையும் அது பிரித்தறியாது. கரையோரத்தில் நிலத்தின் மாற்றம் கடலுக்குள் கசிந்ததுபோலத் தெரியும். அதனால்தான் பூமியைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரிக்கும் மாஸ்கான் முறை வலுப்பெற்றது. ஊரப்பாக்கத்து ஏரியின் நீரிருப்பை இரண்டுமே சொல்லாது.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அத்தகைய சமவெளியில் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பதை அரை மீட்டர் தீர்மானிக்கும். ஈஜிஎம்96இன் பிழையோ பல இடங்களில் அரை மீட்டரை எட்டும். பக்கத்துப் பக்கத்துத் தெருக்களை ஒப்பிடும்போது அந்தப் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும் என்பது உண்மை. ட்ரோன் அளவீட்டை இந்த மாதிரியால் மாற்றி, பழைய மட்டக்கற்களின் உயரத்தோடு கலக்கும்போது பிழை முழுதாக உள்ளே வருகிறது.

1802இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏறத்தாழ 12 கிலோமீட்டரைச் சங்கிலியால் அளந்தார். இந்தியப் பெருமுக்கோண அளவீடு அந்தக் கோட்டிலிருந்து வளர்ந்தது. உள்ளூர் அளவுக்கு இன்றும் மாற்றில்லை. நீண்ட அலைகளை உலக மாதிரியிடம் விட்டு, மீதத்தை அந்த வட்டாரத்து ஈர்ப்பு, மட்ட அளவீடுகளால் நிரப்பும் கலப்பு முறையே நியாயமானது. வடிகாலின் அடிமட்டத்தை முடிவுசெய்யும்போது, அருகிலுள்ள மட்டக்கல்லிலிருந்து லெவல் கருவியால் உயரத்தைக் கொண்டுவந்து சரிபார்ப்பது கட்டாயம்.