சந்தோஷத்தில் அரியர்

இஞ்சினீயரிங் படிப்பில் சந்தோஷத்துக்கு மூன்று கிரெடிட். வாரத்துக்கு இரண்டு லெக்சர், ஒரு டுடோரியல். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில், அதாவது ஏ.ஐ.சி.டி.இ., தன் மாதிரிப் பாடத்திட்டத்தில் 'யுனிவர்சல் ஹ்யூமன் வேல்யூஸ்' என்று ஒரு பேப்பரைச் சேர்த்தது. தனக்குள் இசைவு, குடும்பத்தில் இசைவு, சமூகத்தில் இசைவு, இயற்கையோடு இசைவு என்று படிப்படியாக ஏறுகிற பாடம். மார்க்கை எப்படிப் பிரிக்கலாம் என்று அவர்களே ஓர் உதாரணமும் தந்தார்கள். ஆசிரியர் கையில் 10, சக மாணவர்கள் கையில் 10, ப்ராஜெக்ட் வகையறாவுக்கு 20, செமஸ்டர் பரீட்சைக்கு 50. மிச்சம் 10? மாணவன் தனக்குத்தானே போட்டுக்கொள்வது! 40 வாங்கினால் பாஸ். வாங்காவிட்டால் மறுபடியும் படிக்க வேண்டும்.

அதாவது, சந்தோஷத்தில் அரியர் வைக்கலாம்.

சிரித்து முடித்தாயிற்று என்றால் விஷயத்துக்கு வரலாம். ஏனென்றால் இந்தப் பாடத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. இதற்கு அடிப்படையான புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். 'எ ஃபவுண்டேஷன் கோர்ஸ் இன் ஹ்யூமன் வேல்யூஸ் அண்ட் ப்ரொஃபஷனல் எதிக்ஸ்', 2009-ல் வந்தது. எழுதியவர்கள் ஆர்.ஆர். கவுர், ராஜீவ் சங்கல், ஜி.பி. பகாரியா. மூவரும் இஞ்சினீயரிங் கல்வியோடு சம்பந்தப்பட்டவர்கள். சங்கல், ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்தவர். 2005-ல் அங்கேதான் இந்த வகுப்புகளை ஆரம்பித்தார்கள். 2009 வாக்கில் உத்தரப் பிரதேச தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இதைக் கட்டாயமாக்க, அப்புறம் நாடு முழுக்கப் பரவியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 'பொய் சொல்லாதே, பெரியவர்களை மதி' ரகப் புத்தகம் இல்லை இது. எதையும் நம்பச் சொல்வதில்லை. 'இது ஒரு யோசனை மட்டுமே, உனக்குள் சரிபார்த்துக்கொள்' என்பதுதான் இதன் பல்லவி. அந்த சரிபார்ப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் இயல்பான ஏற்பு. உனக்கு மரியாதை வேண்டுமா, அவமரியாதை வேண்டுமா என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வருகிறதல்லவா, அந்த பதில்.

இன்னொன்று, வசதியையும் சந்தோஷத்தையும் பிரித்துக் காட்டுகிற இடம். வசதியில்லாமல் துக்கப்படும் தரித்திரர், வசதி இருந்தும் துக்கப்படும் தரித்திரர், வசதியோடு சுகமாகவும் வளமாகவும் இருப்பவர் என்று மூன்று ஜாதி. இரண்டாவது வகையைப் படித்தபோது எனக்கு நாலைந்து முகங்கள் ஞாபகம் வந்தன. பெயர் சொன்னால் வழக்குப் போடுவார்கள்.

மிக நல்ல இடம், நம்பிக்கை பற்றிய பயிற்சி. நம்மை நாம் எடை போடும்போது நம் நோக்கத்தைப் பார்க்கிறோமாம். 'நல்லதுதானே நினைச்சேன், சரியா வரலை, அவ்வளவுதான்.' அடுத்தவரை எடை போடும்போது அவர் செய்து முடித்ததைப் பார்க்கிறோம். 'வேணும்னே பண்ணிட்டான்.' ஒரே தராசில் இரண்டு விதமான படிக்கற்கள். நோக்கம் வேறு, திறமை வேறு என்று பிரித்துப் பார் என்கிறது புத்தகம். மாமியார் மருமகள் பிரச்னையில் பாதி இதில் தீர்ந்துவிடும். பதினெட்டு வயதில், வீட்டைவிட்டு முதல் தடவையாக ஹாஸ்டலுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற பையனிடம் யாராவது இப்படி உட்கார்ந்து பேசினால் அது பெரிய காரியம்தான். மறுக்க மாட்டேன்.

சரி, கோளாறு எங்கே?

முதல் கோளாறு பரீட்சை. எங்கள் அடுக்ககத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண்ணிடம் இந்தப் பாடம் எப்படி என்று கேட்டேன். "ஈஸி அங்கிள். ஒன்பது ஃபீலிங்க்ஸை மனப்பாடம் பண்ணிட்டா போதும், பதிமூணு மார்க் கன்ஃபர்ம்" என்றாள். நம்பிக்கை, மரியாதை, பாசம், அக்கறை என்று தொடங்கி அன்பில் முடிகிற பட்டியல் அது. கடகடவென்று ஒப்பித்தாள். நன்றியுணர்வு மட்டும் விட்டுப்போச்சு. 'சரிபார்த்துக்கொள்' என்று சொல்லும் பாடத்தில் சரிபார்த்து வேறு விடை கண்டுபிடித்தவனுக்கு எத்தனை மார்க்? அன்புதான் உறவில் முழுமையான மதிப்பு என்கிறது பாடம். இல்லை சார், எனக்கு நியாயம்தான் முழுமை என்று படுகிறது என்று எழுதினால்? திருத்துபவரிடம் விடைக்குறிப்பு இருக்கும். அவருக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பேப்பர் என்று கணக்கு. அவர் என்ன செய்வார், பாவம்!

இரண்டாவது, இதன் பூர்வீகம். இந்தச் சிந்தனைக்கு மூலம், அமர்கண்டக்கில் வாழ்ந்து 2016-ல் மறைந்த ஏ. நாகராஜ் என்பவரின் 'மத்யஸ்த தர்சனம்'. கர்நாடகத்துக்காரர். பல வருஷம் சாதனை செய்து தான் கண்டதைத் தத்துவமாக எழுதிவைத்தார். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் மனிதன் என்பது 'நான்' என்பதும் உடம்பும் சேர்ந்து வாழ்வது, இரண்டின் தேவைகளும் வேறு வேறு என்பது ஒரு தத்துவ நிலைப்பாடு. இதை ஒப்புக்கொள்ளாத தத்துவங்கள் இந்த நாட்டிலேயே ஏராளம். சார்வாகர் சிரிப்பார். பௌத்தர், 'நான் என்று தனியாக ஏதய்யா?' என்பார். நரம்பியல் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். அந்த மறுப்புகளையும் பக்கத்திலேயே வைத்தால்தான் அது பல்கலைக்கழகப் பாடம். ஒரே குரலை வைத்து, அதற்கு 'உலகப் பொது' என்று பெயரும் வைத்தால் மாணவன் எதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பான்?

மூன்றாவதுதான் முக்கியம். இந்தப் பாடத்தில் இசைவு இருக்கிறது, எதிர்ப்பு இல்லை. குடும்பத்திலிருந்து உலகம் வரை எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது. நோக்கம் எல்லோருக்கும் நல்லதுதான், திறமைதான் குறைவு என்றே எடுத்துக்கொள் என்கிறது. எல்லோருக்குமா?

1996 நவம்பர். சிதம்பரத்தில் முதல் வருஷ மருத்துவ மாணவன் நாவரசு, சீனியர் ஒருவனால் கொல்லப்பட்டான். ராகிங்கைத் தடை செய்து தமிழ்நாடு 1997-ல் சட்டம் போட்டது அதற்குப் பிறகுதான். வழக்கு பதினைந்து வருஷம் இழுத்து, நடுவில் உயர் நீதிமன்றத்தில் விடுதலையாகி, 2011-ல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ராகிங்கில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு ஜூனியரிடம் போய், 'உன் சீனியரின் நோக்கம் நல்லதுதான், திறமைதான் போதவில்லை' என்று சொல்ல முடியுமா? அவனுக்குத் தேவை, இந்த நடத்தையை நான் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்கிற தைரியம். யாரிடம் புகார் தர வேண்டும் என்கிற தகவல். தந்தால் தன்னைக் காட்டிக்கொடுக்காத ஒரு வார்டன்.

ஜாதிக்கும் இதே கதைதான். மரியாதை என்பது சரியான மதிப்பீடு, பணம், பதவி, நிறம், பிறப்பை வைத்துப் பார்ப்பது தவறு என்று புத்தகம் சொல்கிறது. ரொம்ப சரி. ஆனால் மெஸ்ஸில் ஒருவன் பக்கத்தில் யாரும் உட்காராததை மதிப்பீட்டுப் பிழை என்று சொல்லிவிட்டால் போதுமா? ஸ்லைடு ரூலில் புள்ளி தப்பிய மாதிரி இருக்கிறது. பிழை செய்தவனுக்கு அதனால் லாபம் இருக்கிறது. லாபம் இருக்கிற பிழையை யாரும் தானாகத் திருத்திக்கொள்வதில்லை. அதற்குத்தான் சட்டம் தேவைப்படுகிறது.

இந்தப் பக்கத்தை அண்ணா பல்கலைக்கழகம் ஓரளவு யோசித்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். 2021 ரெகுலேஷனில் ஏழாவது செமஸ்டரில் 'ஹ்யூமன் வேல்யூஸ் அண்ட் எதிக்ஸ்' என்று இரண்டு கிரெடிட் பேப்பர் வைத்தார்கள். அதன் ஐந்து யூனிட்: ஜனநாயக மதிப்புகள், மதச்சார்பின்மை, அறிவியல் மனப்பான்மை, சமூக அறம், அறிவியல் அறம். ஜான் ஸ்டூவர்ட் மில் படிக்கச் சொல்கிறது. பாலினப் பாகுபாடு, சமூகப் பாகுபாடு, அரசியல் சட்டப் பாதுகாப்பு எல்லாம் பெயர் சொல்லியே வருகின்றன. ஒன்று கண்ணை மூடி உள்ளே பார்க்கச் சொல்கிறது, மற்றது கண்ணைத் திறந்து வெளியே பார்க்கச் சொல்கிறது. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. ஆனாலும் அங்கேயும் ஒரு சங்கடம். ஏழாவது செமஸ்டரில் மாணவன் எதைப் பார்த்துக்கொண்டிருப்பான்? ப்ளேஸ்மென்ட் லிஸ்ட்டை!

இந்த இரண்டிலும் எனக்குக் குறைவாகப் படுவது கதை. நடந்த கதை. 1986 ஜனவரி 27 ராத்திரி, சேலஞ்சர் விண்ணோடத்துக்கு ராக்கெட் பூஸ்டர் செய்த மார்டன் தியோகால் கம்பெனியின் இஞ்சினீயர்கள், இந்தக் குளிரில் ரப்பர் வளையம் தாங்காது, ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். ரோஜர் பாய்ஸ்ஜோலி அவர்களில் ஒருவர். நாஸாவுக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனியின் பெரிய மேலாளர், தயங்கிய இஞ்சினீயரிங் தலைவரிடம், இஞ்சினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். போட்டுக்கொண்டார். மறுநாள் 73 செகண்டில் ஏழு பேர் போனார்கள்.

நம் ஊர்க் கதையும் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் ஊழல் என்று 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு ஆபீஸ் ஆபீஸாகப் போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறி என்றது சி.பி.ஐ. 2010-ல் மூன்று பேருக்குத் தண்டனையும் ஆனது. அது வழிப்பறிதான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கடிதத்தில் இருந்த பெயரை மறைக்காமல் ஒவ்வொரு மேஜையாகத் தள்ளிவிட்டவர்கள் யார்? அவர்களும் படித்தவர்கள்தான். அவர்களில் யாருக்கும் கெட்ட நோக்கம் இருந்திருக்காது. ஃபைலை நகர்த்தினார்கள், அவ்வளவே. அறம் பெரும்பாலும் இந்த மாதிரி சாயங்கால நேரத்து சோம்பலில்தான் தோற்கிறது. இதை வகுப்பில் ஒரு மணி நேரம் விவாதித்தால், ஒன்பது உணர்வுகளின் பட்டியலைவிட அதிக நாள் மனசில் நிற்கும்.

கடைசியாக, பாடம் நடத்துகிற இடம். நம்பிக்கைதான் உறவின் அஸ்திவாரம் என்று போர்டில் எழுதுகிற அதே கல்லூரியில் பையனும் பெண்ணும் பேசினால் ஃபைன். மாடிப்படிகூடத் தனித்தனி. படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்றால் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைத் தராமல் அலையவிடுகிற ஆபீஸ். ரசீது இல்லாமல் வாங்கிய பணம். மாணவன் முட்டாள் இல்லை. எது பாடம், எது நடைமுறை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டுவிடுகிறான். மதிப்புகளை அவன் நிச்சயம் கற்றுக்கொள்கிறான். லெக்சர் ஹாலில் இல்லை, ஃபீஸ் கவுன்ட்டரில்!

இந்தப் பாடத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பரீட்சையை எடுத்துவிடுங்கள். எட்டு நாள் பயிற்சி முடித்துவிட்டு வரும் ஆசிரியரும் மாணவர்களோடு வட்டமாக உட்காரட்டும், அவரும் பதில் சொல்லட்டும். புத்தகத்தோடு அதை மறுக்கிற நாலு பக்கமும் கொடுங்கள்.

அந்த சுயமதிப்பீட்டுப் பத்து மார்க்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதை மாணவனுக்கு பதிலாகக் கல்லூரி நிர்வாகம் தனக்குப் போட்டுக்கொள்ளட்டும். சக மதிப்பீட்டுப் பத்தை மாணவர்கள் போடட்டும். நாற்பது வராவிட்டால் அரியர்தான், மறுபடி எழுத வேண்டியதுதான்.