'பாடி' என்கிற சொல்

அமானுஷ்யக் கதைகளில் சாவு மலிவான சரக்கு. செத்தவர் எழுந்து வருவார் என்பது அந்த வகையோடு பார்வையாளன் செய்துகொள்ளும் ஒப்பந்தம். 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' (1997–2003) என்ற அமெரிக்க டெலிவிஷன் தொடரும் இந்த ஒப்பந்தத்தில் ஓடியதுதான். கதாநாயகியே முதல் பருவத்தில் நீரில் மூழ்கி இறந்து, பிழைத்தவள். ஐந்தாம் பருவத்தில், 2001 பிப்ரவரி 27 அன்று ஒளிபரப்பான 'த பாடி' பகுதியில் அவள் வீட்டுக்குள் வருகிறாள். தாய் ஜாய்ஸ் சோபாவில் கண் திறந்தபடி கிடக்கிறாள். எந்தப் பிசாசும் கொல்லவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. எதிரியே இல்லாத சாவு.

எழுதி இயக்கிய ஜாஸ் வீடன் பின்னணி இசையை முற்றாக விலக்கியிருக்கிறார். இந்த மௌனத்தைப் பலரும் புகழ்ந்தாயிற்று. எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சொல். ஓடிவரும் ஜைல்ஸ் ஜாய்ஸைத் தொட்டு எழுப்பப் பார்க்கிறார். பாடியை நகர்த்தக் கூடாது என்று பஃபி கத்துகிறாள். கத்திய மறுகணம் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அம்மா பாடியானது அங்கேதான், மகளின் வாயில்.

முதல் தடவை பார்த்தபோது இதை நான் கவனிக்கவில்லை. என் அம்மா இறந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு ஊழியர், "பாடியை எப்ப எடுக்கறீங்க?" என்றார். அடிக்கக் கை ஓங்காத குறை. சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்து, "பாடி ஏழு மணிக்கு வந்துடும்" என்று சொன்னவன் நான்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஸாண்டர் சுவரில் குத்துவது ஆண்களின் துக்கத்துக்கென்று நாடகக்காரர்கள் வைத்திருக்கும் பழைய கையிருப்பு. பக்கத்திலேயே, எந்தச் சட்டையைப் போடுவது என்று முடிவு செய்ய முடியாமல் வில்லோ தவிப்பது எவ்வளவோ உண்மை. ஆயிரம் வருஷம் பழிதீர்க்கும் பிசாசாக இருந்து மனுஷியான ஆன்யா, ஜாய்ஸ் ஏன் மறுபடியும் அந்த உடலுக்குள் போக முடியாது என்று கேட்கிறாள். மற்றவர்கள் எரிச்சலோடு அடக்கப் பார்க்கும் அந்தக் கேள்வியை யாரும் கேட்கத் துணியவில்லை என்பதுதான் விஷயம்.

கடைசியில் பிணவறையில் ஒரு ரத்தக்காட்டேரி எழுகிறதே, அது வியாபார நிர்ப்பந்தம் என்று நண்பர் ஒருவரோடு சேர்ந்து நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கட்சியில் நான் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பிணம் எழுந்து சண்டை போடுகிறது; அதே அறையில், துணி விலகிய முகத்தோடு, ஜாய்ஸ் எழவில்லை. தொடரின் ஒப்பந்தம் அவளுக்கு மட்டும் செல்லாது. காட்டேரி இல்லாமல் இதைச் சொல்லியிருக்க முடியாது.

இளைய மகள் டான், அம்மா எங்கே போனாள் என்று கேட்டபடி விரலை நீட்டுகிறாள். தொடுவதற்கு முன் காட்சி அறுந்துவிடுகிறது.