அறுத்தெடுத்த செடிகள்

செடிகொடிகளின் பழைய அச்சுப்படங்களைச் சட்டமிட்டு மாட்டுவது இப்போது வரவேற்பறை வழக்கமாகிவிட்டது. யாரும் திறக்காத தடித்த நூல்களைப் பிரித்துத் தாள்களைப் பல வீட்டுச் சுவர்களில் ஏற்றுவதே அந்தக் கலையைக் காப்பாற்றும் வழி என்று வியாபாரிகள் வாதிடுகிறார்கள். எனக்கு இந்த வாதம் நெடுநாளாகவே உடன்பாடில்லை.

இந்தப் படங்களை மதிப்பிடும் தொழிலில் நல்லது இல்லாமல் இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இன்றைய ஆப்செட் அச்சின் புள்ளிக்கூட்டம் போலியைக் காட்டிக்கொடுத்துவிடும். செப்புத்தகட்டில் அடித்த படமென்றால், ஓரத்தை வெட்டாதவரை, தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். பராமரிப்பிலும் அமிலமற்ற அட்டை, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, ஒட்டுநாடாவுக்குப் பதில் மாவுப்பசை என்று அக்கறை கூடியிருக்கிறது.

ஆனால் இத்தனை நுட்பமும் தாளின் விளிம்போடு நின்றுவிடுகிறது. பழுப்புப் புள்ளி எத்தனை, நிறம் எவ்வளவு பளிச்சென்றிருக்கிறது என்று துருவுகிறவர்கள், இது எந்த நூலிலிருந்து வந்தது, யார் பிரித்தார்கள் என்று கேட்பதில்லை.

மலபாரின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் படங்கள் உதிரியாக விலைபோகின்றன. படத்தில் செடியின் பெயர் மலையாள எழுத்திலும் அரபு எழுத்திலும்கூடப் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தச் செடி எங்கே வளரும், எந்த நோய்க்கு ஆகும் என்பதோ எழுத்துப் பக்கத்தில் இருக்கிறது. அந்த மருத்துவ அறிவைத் தந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் சான்றுரை முதல் தொகுதியில் இருக்கிறது. கத்தி பட்டதும் அவர் காணாமல் போகிறார். தாவரவியலாளர் லின்னேயஸ் பல செடிகளுக்குப் பெயர் சூட்டியதே இந்தப் படங்களையும் விவரிப்புகளையும் நம்பித்தான். அப்பேர்ப்பட்ட சான்றை சோபாவின் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குகிறார்கள். பெரும்பாலான பிரதிகள் வண்ணமின்றி வெளிவந்த நூல் அது. பின்னாளில் யாரோ பூசிய வண்ணம் அழகாகத் தெரியலாம், ஆனால் மதிப்பீட்டில் அது குறையாகவே எழுதப்பட வேண்டும்.

தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட தாவரப்படத் தொகுதிகளுக்கு வரைந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். படத்தின் அடியில் ஓவியரின் பெயரைப் பொறிக்க வைட் இடம் கொடுத்தார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். சட்டமிடுகிறவரோ அந்த அடி ஓரத்தைத்தான் அட்டைக்குள் மறைக்கிறார், சில சமயம் வெட்டியும் விடுகிறார்.

காப்பாற்றுகிறோம் என்ற பேச்சு வெளிச்சத்தின் முன் நிற்காது. 1787இல் தொடங்கிய கர்டிஸின் தாவர இதழில் கையால் தீட்டிய வண்ணங்கள் இன்றும் பொலிவாக இருக்கின்றனவென்றால், மூடிய நூலுக்குள் அவை இருட்டில் கிடந்ததுதான் காரணம். சுவரில் ஏற்றினால் மங்கத் தொடங்கும். எந்தக் கண்ணாடியும் அதைத் தாமதப்படுத்துமே ஒழியத் தடுக்காது, மங்கிய நிறம் திரும்பவும் வராது. முழு நூலாக விற்பதைவிடத் தாள் தாளாக விற்றால் லாபம் அதிகம். பிரிப்பதற்கு உண்மையான காரணம் அதுதான். அதைக் கலைச்சேவை என்று சொல்லாமலாவது இருக்கலாம்.

எப்போதோ உதிர்ந்துபோன தாளை வாங்கிப் பேணுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தரும் மதிப்பீட்டுச் சீட்டில் நூலின் பெயர், தொகுதி, பட எண், ஓவியர் பெயர் ஆகியவை விலைக்கு மேலே வரட்டும். சுவருக்கு அழகு மட்டும் போதுமென்றால் ரீடின் நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நல்ல தாளில் அச்சிட்டு மாட்டிக்கொள்ளலாம். முழு நூலைப் பிரித்து விற்கிறவரிடம் ஒரு தாள்கூட வாங்கக் கூடாது.