சண்டை ஓய்ந்த பிறகு வரும் டி.எல்.சி.

"ராக்னராக் முடிச்சுட்டேண்ணா" என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: "ப்ரோக்கோட எழவுக்குப் போனீங்களா?" பலர் முழிப்பார்கள். 'காட் ஆஃப் வார்: ராக்னராக்' விளையாட்டில் வில்லன் ஓடின் விழுந்து, பெரும்போர் ஓய்ந்து, கதை முடிந்துவிட்டது என்று நாம் எழுந்துவிடுகிறோம். ஆனால் குள்ளர்களின் ஊரான நிடவெல்லிருக்குத் திரும்பிப் போய், அங்குள்ள சாராயக்கடையை நாமாகத் தேடிப் பிடித்தால்தான் ஓடினிடம் குத்துப்பட்டுச் செத்த ஆசாரி ப்ரோக்கின் ஈமச்சடங்கு நடக்கிறது. உடன்பிறந்த சிண்ட்ரி அங்கே நிற்கிறான். நாம் ஆடும் நாயகன் க்ரேட்டோஸிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு மறைந்து போகிறான். அந்த விளையாட்டிலேயே என்னை அசைத்த இடம் அதுதான். அதை ஏன் கதை முடிந்த பிறகு ஒளித்து வைத்தார்கள்?

வேறு வழியில்லை என்பதுதான் என் பதில். மெயின் கதைக்கு ஜெயிக்க வேண்டிய அவசரம் இருக்கிறது. வில்லன் உயிரோடு இருக்கும்வரை யாரும் நின்று அழ முடியாது. அவன் செத்து, வசூலும் வந்து, எல்லாம் அடங்கிய பிறகு வருவதுதான் டி.எல்.சி. என்கிற கூடுதல் பகுதி. கட்டி முடித்த உலகம் கையில் இருக்கிறது, நீளமும் கம்மி. அதனால் எழுதுகிறவர்களுக்குத் துணிச்சல் வருகிறது. துக்கம், குற்றவுணர்வு, விட்டுவிட்டு நகர்வது ஆகியவற்றைப் பேசுகிற நல்ல கதைகள் பலவும் இந்த ஒட்டுப் பகுதிகளில் வந்திருப்பது தற்செயல் இல்லை.

இவற்றை நான் எடை போடுவதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் அந்தியூரிலிருந்து பவானி கூடுதுறை பக்கம். எங்கள் பகுதியில் இறந்தவர் சாம்பலை அங்கேதான் கரைப்பார்கள். அழுது ஓய்ந்த ஆளை அங்கே சும்மா உட்கார விடமாட்டார்கள். எள்ளை எடுங்க, தண்ணியில விடுங்க, பிண்டத்தை வைங்க, முழுக்குப் போடுங்க என்று ஐயர் கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருப்பார். கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் கைக்கும் வேலை வேண்டும், இல்லாவிட்டால் அது சினிமா. ஆகவே கேள்வி இதுதான்: அழ வேண்டிய நேரத்தில் இந்த டி.எல்.சி. என் கைக்கு என்ன வேலை தருகிறது?

முதலில் ராக்னராக்கின் 'வல்ஹல்லா'. 2023 டிசம்பர் 12 அன்று சான்டா மோனிகா ஸ்டுடியோ இலவசமாகக் கொடுத்தது. க்ரேட்டோஸ் யார் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரீஸ் என்ற கிரேக்கப் போர்க்கடவுளின் சூழ்ச்சியில் தன் மனைவியையும் மகளையும் தன் கையாலேயே கொன்றவன். அவன் உடம்பு வெளுத்திருப்பது அவர்களின் சாம்பல் தோலோடு ஒட்டிக்கொண்டதால். 2018இல் வந்த விளையாட்டு முழுக்க, இரண்டாம் மனைவி ஃபேயின் சாம்பலை மலை உச்சியில் தூவ மகனைக் கூட்டிக்கொண்டு போகும் பயணம்தான். இரண்டாமவள் சாம்பலைக் கரைத்துவிட்டான். முதலாமவள் சாம்பல் இன்னும் மேலே இருக்கிறது. வல்ஹல்லா இந்தப் பாக்கியைத்தான் எடுத்துப் பேசுகிறது.

அமைப்பு ரோக்லைட் வகை. வல்ஹல்லாவுக்குள் போகும்போதெல்லாம் பலம் குறைந்துதான் போவோம். ஒவ்வொரு அறையாக அடித்துத் தாண்டி, கிடைக்கும் வரங்களில் ஒன்றைப் பொறுக்கி, மேலே மேலே போக வேண்டும். செத்தால் வாசலுக்கு வெளியே, கடற்கரையில். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன் கேட்டான், "ஏன் மாமா, செத்தா மறுபடியும் மொதல்ல இருந்தா? இதுக்கு எதுக்கு டி.எல்.சி.?" நியாயமான கேள்வி. முதல் சில சுற்றுகளில் எனக்கும் அதே எரிச்சல்தான். பிறகு புரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் க்ரேட்டோஸின் பழைய பாவங்களில் ஒன்று வழியில் வந்து நிற்கிறது. 2010இல் வந்த மூன்றாம் பாகத்தில் அவன் வெறும் கையால் திருகிப் பிய்த்த சூரியக் கடவுள் ஹீலியோஸின் தலை, இங்கே வந்து அவனைக் குத்திக் குத்திப் பேசுகிறது. தாண்டிவிட்டோம் என்று நினைத்தது அடுத்த சுற்றில் வேறு வாசல் வழியாக வருகிறது. குற்றவுணர்வு இப்படித்தான் வரும். அதை வசனமாகச் சொல்லாமல் விளையாட்டின் விதியாகவே வைத்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

குறையும் உண்டு. சுற்றுகள் கூடக்கூட, பேச்சுக்கும் அடிதடிக்கும் இடையே தூரம் விழுகிறது. சில நேரம் கதையின் அடுத்த துண்டுக்காகவே அறை அறையாக வெட்டிச் சாய்த்துக்கொண்டிருப்போம். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் இளவயது க்ரேட்டோஸைப் பார்த்துக் கிழவன் பேசும் கடைசிக் காட்சி, கிறிஸ்டோஃபர் ஜட்ஜின் குரலுக்காகவே கேட்க வேண்டியது. ஆனால் அப்போது நம் கை மடியில் கிடக்கிறது. அத்தனை நேரம் கோடாரி வீச வைத்தவர்கள், மன்னிப்பு நடக்கும் நேரத்தில் நம்மை வெளியே நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று, பழைய கிரேக்கப் பாகங்களைத் தொடாதவர்களுக்கு இதில் பாதி எட்டாது.

அழ வேண்டிய நேரத்தில் கைக்கு வேலை தருவதில் 'விட்சர் 3'இன் 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' ஒரு படி மேல். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015 அக்டோபரில் வெளியிட்டது. ஓல்கியர்ட் என்ற பிரபு, வரம் கொடுப்பவன்போல வந்த ஒருவனோடு ஒப்பந்தம் போட்டு சாகா வரம் வாங்குகிறான். விலையாக நெஞ்சு கல்லாகிப் போகிறது. அவன் மனைவி ஐரிஸ், கண்ணெதிரே அன்பு வற்றுவதைப் பார்த்துப் பார்த்தே செத்துப் போனவள். ஓவியக்காரி. செத்த பிறகும் தான் தீட்டிய ஓவியத்துக்குள் அடைந்து கிடக்கிறாள். புருசன் கடைசியாகக் கொடுத்த ஊதா ரோஜாவை அவளிடமிருந்து வாங்கி வரச் சொல்லி நம்மை அனுப்புகிறார்கள்.

ஓவியத்துக்குள் நுழைந்தபின் வாளுக்கு வேலை கொஞ்சம்தான். அவர்கள் குடித்தனத்தின் காட்சிகள் அப்படியே உறைந்து நிற்கின்றன. எந்தக் காட்சியில் எது குறைகிறது என்று பார்த்து, அதை அதன் இடத்தில் சேர்த்தால் அந்த நினைவு ஓடத் தொடங்கும். ஒரு பெண்ணின் கலியாண வாழ்க்கை எங்கே கெட்டது என்பதை இப்படிப் பொருள் பொருளாகக் கையால் தொட்டுத் தெரிந்துகொள்கிறோம். கடைசியில் முடிவு நம்மிடம். பூவை வாங்கினால் அவளுக்கென்று இருந்த அந்த உலகமும் அவளும் கலைந்துவிடுவார்கள். வாங்காமலும் திரும்பலாம். அவள் இருப்பாள், அந்தத் துக்கத்தோடே. எது நல்லது என்று விளையாட்டு சொல்வதில்லை. அங்கே நாம் துக்கம் விசாரிக்க வந்த வெளியாள் மட்டுமே என்பதை அது ஒரு கணமும் மறக்க விடுவதில்லை. நான் பூவை வாங்கினேன். வாங்காமல் வந்தவர்களோடு சண்டை போட மாட்டேன்.

(இடையில் ஒரு வம்பு. ஆடி மாதம் குருநாதசாமி கோவில் சந்தையில் சுழி பார்த்துக் குதிரை பிடிக்கிற ஊர்க்காரன் நான். விட்சரின் குதிரை ரோச், கூப்பிட்டால் வீட்டுக் கூரைமேல் போய் நிற்கிறது. எங்கள் சந்தையில் யாரும் விலை கேட்க மாட்டார்கள்.)

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டின் 'லெஃப்ட் பிஹைண்ட்' 2014 பிப்ரவரி 14 அன்று வந்தது. எல்லி என்ற சிறுமியும் அவள் தோழி ரைலியும் பாழடைந்த ஒரு ஷாப்பிங் மாலில் சுற்றும் ஒரே இரவு. ரைலி பிழைக்கப் போவதில்லை என்பது மெயின் கதையை முடித்தவர்களுக்கு முன்பே தெரியும். நாட்டி டாக் செய்த காரியத்தைப் பாருங்கள். முழு விளையாட்டிலும் ஒளிந்து நின்று சுடுவதற்குப் பழகிய அதே பட்டன்களை இங்கே தண்ணீர்த் துப்பாக்கிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆளைத் திசைதிருப்ப எறிந்த செங்கல், இங்கே கார் கண்ணாடி உடைக்கும் பந்தயத்துக்கு. பழுதான ஒரு கேம் மெஷின் முன் எல்லி கண்ணை மூடிக்கொள்ள, ரைலி அந்தச் சண்டையை வாயால் சொல்கிறாள். திரையில் சண்டை கிடையாது, எல்லியின் முகம் மட்டும். நாம் பட்டனை அழுத்துகிறோம், அவள் முகம் மலர்கிறது. ரைலியின் சாவை இந்த டி.எல்.சி. காட்டுவதேயில்லை. இழந்தது எது என்பதைக் கைக்குப் புரியவைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. நடுநடுவே எல்லி மருந்து தேடிப் போகும் பனிக்காலப் பகுதியில் வரும் துப்பாக்கிச் சண்டைகளைப் பாதியாகக் குறைத்திருக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'பயோஷாக் 2'இன் 'மினர்வாஸ் டென்' 2010இல் வந்தது. லண்டன் குண்டுவீச்சில் மனைவி பேர்லைப் பறிகொடுத்த போர்ட்டர் என்ற விஞ்ஞானி, அவள் குணத்தையும் குரலையும் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்கும் கதை. செத்தவர்களின் பழைய மெசேஜ்களை வைத்து அவர்களைப்போலவே பேசும் ஏ.ஐ. விற்பனைக்கு வந்துவிட்ட இந்தக் காலத்தில், 2010ஐவிட இப்போது இது கூடுதலாகச் சுடுகிறது. சுடுவதும் மின்சாரம் பாய்ச்சுவதுமாகக் கைவேலை பழைய மாதிரியேதான், ஆனால் முடிவில் ஒரு கல்லறை முன் நிற்க வைப்பார்கள். அதற்காகவே விளையாடலாம். 'அவுட்டர் வைல்ட்ஸ்' விளையாட்டின் 'எக்கோஸ் ஆஃப் தி ஐ' (2021) நேர் எதிர். உலகம் முடியப் போவதைத் தாங்க முடியாத ஓர் இனம், இழந்த சொந்த ஊரைக் கனவுபோல் செய்துவைத்து, உடம்பு செத்த பிறகும் அதற்குள்ளேயே குடியிருக்கிறது. எண்ணம் அபாரம். இருட்டில் தட்டுத் தடுமாறி ஒளிந்து நகரும் பகுதிகள் என் பொறுமையைச் சோதித்தன. செட்டிங்ஸில் பயத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். டி.எல்.சி. இல்லை, தனி விளையாட்டு ஒன்று உண்டு. கனடாவின் டொரான்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட 'வெண்பா'. அடுத்த ஆண்டு அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. 1980களில் கனடா போய்ச் சேர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். அங்கே வளரும் மகன் கவின், தாயின் பேச்சிலிருந்தும் சோற்றிலிருந்தும் தள்ளிப் போகிறான். நம் கைக்கு வேலை சமையல். எழுத்து அழிந்து, பக்கம் கிழிந்த அம்மாவின் சமையல் நோட்டை வைத்துக்கொண்டு, விட்டுப் போன படியை ஊகித்துச் செய்ய வேண்டும். இட்லித் தட்டுகளை ஓட்டை மாற்றி அடுக்காவிட்டால் ஆவி ஏறாது. மகன் வருவான் என்று வகை வகையாகச் சமைத்துவிட்டுக் காத்திருக்கும் கட்டத்தில், அத்தனையும் சமைத்தது நம் கைதான். என் அளவுகோலில் இதற்கு முழு மார்க். சீக்கிரம் முடிந்துவிடும், சுமாரான லேப்டாப்பிலும் ஓடும்.

எங்கள் நாட்டிலேயே இதற்கு ஒரு கதை காத்திருக்கிறது. கொங்கில் உடுக்கடித்து இரவு இரவாகப் பாடும் அண்ணமார் சாமி கதை. பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழுவதோடு சண்டை முடிகிறது, கதை முடிவதில்லை. அதன்பிறகு அது தங்கை தங்காளின் கதை. அண்ணன்மாரைத் தேடிப் போகிறாள், கண்டுபிடிக்கிறாள், உயிர் கொடுத்து எழுப்புகிறாள். எழுந்தவர்கள் எங்கள் காலம் முடிந்தது தாயே என்று அவளிடம் சொல்லிவிட்டுத் திரும்பவும் போய்விடுகிறார்கள். அவள்தான் விட வேண்டும். வீரப்பூர் மாசித் திருவிழாவில் படுகளம் விழுந்து, தண்ணீர் தெளித்து எழுப்பும் சடங்கில் இது இன்றும் நடக்கிறது. கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி இந்தக் கதையைப் பதிவு செய்தார், பின்னாளில் 26 பகுதிகளாகக் கார்ட்டூனாகவும் கொண்டுவந்தார். கோவையிலும் சென்னையிலும் கேம் எழுதும் பிள்ளைகள் இதைக் கையில் எடுத்தால், வாள் சண்டையில் ஆரம்பிக்க வேண்டாம். படுகளத்துக்கு மறுநாள் விடியலில், தங்காள் கையில் கன்ட்ரோலரைக் கொடுங்கள்.

இப்போதைக்கு வாங்குவது பற்றி. ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு என்றால், விட்சர் 3இன் முழுப் பதிப்பு. அதில் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் சேர்ந்தே வருகிறது, மெயின் கதையை முடிக்காமல் நேராக இதிலிருந்தே தொடங்கவும் வழி உண்டு. ராக்னராக் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு வல்ஹல்லா இலவசம், ஆனால் மெயின் கதையையும் ப்ரோக்கின் எழவையும் முடித்துவிட்டு உள்ளே போங்கள். கம்ப்யூட்டரில் புதிதாகப் போடுவதாக இருந்தால் எஸ்.எஸ்.டி.யில் 190 ஜி.பி. காலி வேண்டும். லெஃப்ட் பிஹைண்ட், 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' வாங்கினால் கூடவே வரும். நான் சொன்ன டி.எல்.சி.கள் எதிலும் தமிழ்க் குரல் கிடையாது. ஆங்கில சப்டைட்டிலைப் பெரிய எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வசனங்கள் வேகமாக ஓடும். வீட்டில் துக்கம் நடந்து வருசம் திரும்பாதவர்கள் எக்கோஸ் ஆஃப் தி ஐயை மட்டும் இப்போது தொட வேண்டாம்.