கண்ணீரும் படிப்பினையும்: ‘பரியேறும் பெருமாள்’ திரைப்படத்தை முன்வைத்து

அரபு மொழியில் ‘அப்ரா’ என்பது கண்ணீரைக் குறிக்கும். ‘இப்ரா’ என்பது படிப்பினையைக் குறிக்கும். இரண்டும் அய்ன், பா, ரா என்னும் ஒரே மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைத்தவை. கடத்தல், ஒரு கரையிலிருந்து மறுகரை சேர்தல் என்பது அவ்வேரின் பொருள். கண்ணின் விளிம்பைக் கடந்து கன்னத்தில் இறங்குவது அப்ரா. கண்ட நிகழ்ச்சியைக் கடந்து அதன் உட்பொருளைச் சென்றடைவது இப்ரா. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று இருந்தே தீரும் என்று மொழி நமக்கு உறுதி தரவில்லை. இரண்டும் உறவுடையவை என்று மட்டுமே சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

இவ்வுறவை விளங்கிக்கொள்ளத் திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தைவிடச் சிறந்த துணை இல்லை. வரலாறுகளுள் மிக அழகியது என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அவ்வத்தியாயம், அறிவுடையோருக்கு இத்தகைய வரலாறுகளில் இப்ரா இருக்கிறது என்னும் கருத்தோடு நிறைவுறுகிறது (12:111). ஆனால் அதில் முதன்முதலாக அழுதுகொண்டு வருபவர்கள் யார் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு இரவில் தந்தையிடம் திரும்பிய அண்ணன்மாரே அவர்கள் (12:16). மகனை இழந்து அழுது கண்கள் வெளுத்துப்போன யஅகூப் நபி (அலை) அவர்களின் துயரம் அதற்குப் பின்னரே வருகிறது (12:84). எனவே, கண்ணீர் வந்தது என்பதை மட்டும் கொண்டு நெஞ்சில் இரக்கம் வந்தது என்று தீர்ப்பளிக்க இயலாது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, நம் காலத்தில் தமிழர்களைப் பெரிதும் அழவைத்த படைப்புகளுள் ஒன்றை அணுகலாம் என்று கருதுகிறோம். மாரி செல்வராஜ் இயக்கத்தில், பா. இரஞ்சித்தின் நீலம் புரொடக்‌ஷன்ஸ் தயாரித்து, 2018 செப்டம்பர் 28 அன்று வெளிவந்த ‘பரியேறும் பெருமாள்’ அது. திரைப்படத்தை இவ்விதழில் ஆராய்வது தகுமா என்று கேட்போர் இருக்கலாம். நம் பிள்ளைகள் அதைக் கைப்பேசியிலேயே பார்த்து முடித்துவிட்டார்கள். அவர்கள் பார்த்ததைப்பற்றி ஆசிரியர்கள் வாய் திறவாதிருப்பதைப் பேணுதல் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இளிவும் வெகுளியும்

கதை சுருக்கமானது. நெல்லைச் சீமையின் சிற்றூர் ஒன்றில் ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த பரியன் (நடிகர் கதிர்) சட்டம் பயிலத் திருநெல்வேலிக்கு வருகிறான். அவன் வளர்த்த கறுப்பி என்னும் நாய் தண்டவாளத்தில் கட்டப்பட்டு இரயிலுக்குப் பலியிடப்பட்டுவிட்டது. கல்லூரியில் ஆங்கிலம் விளங்காமல் வகுப்பறையிலேயே தலைகுனிகிறான். சக மாணவி ஜோதி மகாலட்சுமி அவனுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். அந்த நட்பே அவன்மேல் இறங்கும் வன்முறைக்குக் காரணமாகிறது. அவள் வீட்டுத் திருமணத்திற்கு அழைப்பின்பேரில் சென்றவனை அறைக்குள் வைத்து அடித்து, அவன்மீது சிறுநீர் கழிக்கிறார்கள். கல்லூரியில் அவனை மகளிர் கழிப்பறைக்குள் தள்ளிப் பழி சுமத்துகிறார்கள். கூத்தில் பெண்வேடமிட்டு ஆடுபவர் அவனுடைய தந்தை. மகனுக்காகக் கல்லூரிக்கு வந்த அம்மனிதர், உடுத்திய வேட்டி உருவப்பட்டு, பலர் பார்க்கத் தெருவில் ஓடவிடப்படுகிறார்.

இப்படத்தைப் பார்த்தவர்களோடு உரையாடியபோது ஒன்றைக் கவனித்தோம். எந்த இடத்தில் தாங்கமுடியாமல் போயிற்று என்று கேட்டால், அடி விழும் இடத்தைச் சொல்பவர்கள் குறைவு. தந்தை ஓடும் இடத்தையே பலர் சொன்னார்கள். இதற்கான காரணம் நம் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக நான்கைச் சொல்கிறது: இழிவுபடுத்தப்படுதலாகிய இளிவு, உடையதைப் பறிகொடுக்கும் இழவு, முன்னைய நிலை கெடும் அசைவு, வறுமை. உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொலை என்னும் நான்கும் வெகுளியின் நிலைக்களன்கள். அடியும் வெட்டும் சினத்தைத் தூண்டுபவை, அவமானமோ அழவைப்பது. அழவைக்கும் நான்கினுள்ளும் இளிவே முதலில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

நம் திரைப்படங்களுள் பெரும்பாலானவை இளிவைக் காட்டிய மறுகணமே அதை வெகுளியாக மாற்றிவிடுபவை. நாயகன் கையை முறுக்குவான், அரங்கு கைதட்டும், நெஞ்சில் ஏறிய சூடு அங்கேயே ஆறிவிடும். பார்த்தவர் எதையும் வீட்டிற்குச் சுமந்து செல்வதில்லை. ‘பரியேறும் பெருமாள்’ அந்த எளிய வடிகாலைத் தரவில்லை. பரியன் திருப்பியடிக்கத் தெரியாதவன் அல்லன். உயிர் பறிக்க வந்தவரோடு கடைசிவரை போராடுகிறான். ஆயினும் படம் பழிதீர்ப்பில் முடியவில்லை. தனக்கு நேர்ந்ததை அவன் ஜோதியிடம்கூடச் சொல்வதில்லை. சொல்லப்படாத அந்த அவமானத்தைச் சுமக்கும் பொறுப்பு பார்வையாளரிடம் வந்து சேர்கிறது. இப்படத்தின் உணர்ச்சி வலிமை இதில்தான் இருக்கிறது.

மன்னிப்புக்கு முந்தைய வசனம்

படத்தின் இறுதியில் ஜோதியின் தந்தை பரியனைத் தேடி வருகிறார். காலம் மாறக்கூடும் என்கிறார் அவர். உங்கள் பார்வை மாறாதவரை எதுவும் மாறப்போவதில்லை என்ற பொருள்பட அமைதியாக விடை தருகிறான் பரியன். பிறகு இரண்டு தேநீர்க் குவளைகளும் அவற்றின் நடுவே ஒரு மல்லிகைப் பூவும் திரையில் நிற்க, படம் முடிகிறது.

இம்முடிவு போதாது என்று இரு திறத்தாரும் குறைசொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு சாரார் அவன் அடித்திருக்க வேண்டும் என்கின்றனர். மற்றொரு சாரார் மன்னித்திருக்க வேண்டும் என்கின்றனர். இரண்டாமவர்க்கு யூசுஃப் அத்தியாயத்தின் வரிசையை நினைவூட்டலாம். இன்று உங்கள்மீது குற்றம் சாட்டுதல் இல்லை என்று யூசுஃப் நபி (அலை) அவர்கள் சகோதரர்களிடம் கூறுவது 92ஆம் வசனத்தில். தாங்கள் தவறிழைத்தவர்கள் என்று அச்சகோதரர்கள் வாய்விட்டு ஒப்புக்கொள்வது 91ஆம் வசனத்தில். பரியனிடம் உடனடியான மன்னிப்பை எதிர்பார்ப்பவர்கள், 91ஐத் தாண்டி 92க்குச் சென்றுவிட விரும்புபவர்கள். படத்தில் எவரும் இன்னும் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆதலால் அது மன்னிப்பைத் தரவுமில்லை, மறுக்கவுமில்லை, காத்திருக்கிறது. இது நேர்மையான முடிவு என்பதே நம் கருத்து.

அந்த இரண்டு குவளைகளும் எளிய பொருள்கள் அல்ல. சாதிக்கொரு குவளை வைத்துத் தேநீர் விற்ற கடைகளைத் தமிழகம் கண்டிருக்கிறது. மனிதர் பருகி எஞ்சிய நீர் தூயது, அவர் எச்சமயத்தவராயினும் சரியே என்பது நம் ஃபிக்ஹு நூல்களின் தூய்மைப் பாடத்தில், தொடக்க வகுப்பிலேயே சொல்லித்தரப்படும் சட்டம். ஆதமுடைய மக்களின் வாய்பட்ட குவளை தீட்டாவதில்லை என்பதை ஒளூவுக்குரிய நீரைப்பற்றிய விதியாக மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, அதன் சமூகப் பொருளை நாம் கடந்துபோய்விடுகிறோம். ஒரு திரைப்படக் காட்சி அப்பாடத்தை நமக்கு நினைவூட்டுமானால் அதைப் பெற்றுக்கொள்வதில் தவறில்லை.

அடித்தவனின் வீடு

குறைகளையும் சொல்லியாக வேண்டும். படம் தன் கொடுமையின் உச்சத்தை ஒரு முதியவரிடம் ஒப்படைத்திருக்கிறது. சாதியின் பெயரால் இளையோரை ஓசையின்றிக் கொன்று திரியும் அவர், இறுதியில் தாமே இரயிலுக்கு இரையாகிறார். நடிப்பும் படப்பிடிப்பும் அச்சமூட்டுகின்றன. ஆனால் அவர் ஒருவரே அரக்கராக நிற்பதால், பார்வையாளர் தம் மனச்சுமையை அவர் தலையில் இறக்கிவைத்துவிட்டு எழுந்து போகவும் வழி கிடைத்துவிடுகிறது. கல்லூரியில் பரியனை வதைக்கும் சங்கரலிங்கத்திற்கோ வீடே காட்டப்படவில்லை. அவன் அந்த வெறுப்பை யாரிடம் கற்றான், எந்தத் திண்ணையில் கேட்டான் என்பதற்குப் படத்தில் விடை இல்லை. ஜோதியும் கடைசிவரை ஏதுமறியாதவளாகவே வைக்கப்பட்டிருக்கிறாள். அறிந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்னும் கனமான வினாவைப் படம் எழுப்பாமலே விட்டுவிட்டது.

2025 மார்ச்சில் வெளிவந்த ‘அடோலசன்ஸ்’ என்னும் பிரித்தானியத் தொடரை இங்கு ஒப்பிடலாம். சக மாணவியைக் கொன்றதாகப் பதின்மூன்று வயதுச் சிறுவன் கைதாவதே அதன் கதை. நான்கு பகுதிகளும் இடைவெட்டின்றி ஒவ்வொன்றும் ஒரே தொடர்காட்சியாகப் படமாக்கப்பட்டவை. கடைசிப் பகுதி குற்றவாளியின் குடும்பத்தைச் சுற்றியே நிகழ்ந்து, மகனின் படுக்கையறையில் தந்தை அழுவதோடு முடிகிறது. அதனை உயர்நிலைப் பள்ளிகளில் திரையிடும் முயற்சிக்கு அந்நாட்டு அரசே ஆதரவளித்தது. கொல்லப்பட்ட சிறுமி அதில் ஏறக்குறைய முகமற்றவளாகிவிடுகிறாள் என்பது அத்தொடரின் குறை. ஆயினும் அடித்தவனின் வீட்டுக் கதவைத் திறந்து காட்டும் துணிவு அதற்கு இருந்தது. அநீதி இழைப்பவனாயினும் இழைக்கப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்தபோது, அநீதி இழைப்பவனுக்கு எவ்வாறு உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது விடையாகக் கிடைத்தது. ‘பரியேறும் பெருமாள்’ இந்நபிமொழியின் ஒரு பாதியை மிகச் சிறப்பாகச் செய்கிறது, மறுபாதியைத் தொடவில்லை.

நாங்குநேரி

அம்மறுபாதி எத்துணை இன்றியமையாதது என்பதைக் காட்டத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தக்கலையிலிருந்து நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழியே சென்றால் இரண்டு மணி நேரத்திற்குள் எட்டிவிடக்கூடிய ஊர் நாங்குநேரி. 2023 ஆகஸ்ட் 9 இரவு, வள்ளியூரில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துவந்த பட்டியல் சாதி மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். அவர்கள் தன்னைத் துன்புறுத்தியதை அவன் ஆசிரியர்களிடம் சொன்னதே உடனடிக் காரணம். உயிர்பிழைத்த அம்மாணவன் 2024இல் தேர்வெழுதி 600க்கு 469 மதிப்பெண் பெற்றான். அதன் பின்னரும், 2025 மார்ச்சில், தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனின் கைவிரல்கள் ஸ்ரீவைகுண்டம் அருகே வெட்டப்பட்டன.

படம் வெளிவந்து ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கழிந்தபின், அப்படம் பேசும் அதே மண்ணில் இது நிகழ்ந்தது. வெட்டிய சிறுவர்களுள் எவரேனும் அப்படத்தைப் பார்த்து அழுதிருக்கவும் கூடும் என்ற எண்ணம் நம்மை உறங்கவிடாது. கிணற்றருகிலிருந்து அழுதுகொண்டு திரும்பிய அண்ணன்மாரை நாம் முதலில் நினைவுகூர்ந்தது இதன்பொருட்டே.

நாங்குநேரி நிகழ்ச்சியை ஒட்டி அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளத்தை நீக்குதல், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுத்தல் முதலியன அதன் பரிந்துரைகள். தேவையானவையே. ஆனால் கயிற்றை அவிழ்க்கச் சுற்றறிக்கை போதும். நாவை அடக்க அது போதாது. அரிவாளுக்கு முன்னால் ஒரு சொல் இருந்தது.

அச்சொல் நம்மிடையிலும் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறோம். சாதி நம் பிரச்சினை அன்று என்று ஒதுங்கிவிடுவது நமக்கு எளிது. நிறத்தையும் ஊனத்தையும் தந்தையின் தொழிலையும் சொல்லிப் பட்டப்பெயர் சூட்டாத விடுதி நம் பள்ளிகளிலும் மதரசாக்களிலும் எத்தனை? ஒருவரையொருவர் ஏளனம் செய்வதையும் இழிபெயரிட்டு அழைப்பதையும் ஹுஜுராத் அத்தியாயம் வெளிப்படையாகத் தடுக்கிறது (49:11). இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு சிலர் சிரித்தபோது, அவை தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று நபிகளார் (ஸல்) அவ்விடத்திலேயே கூறினார்கள். சிரிப்பை வளரவிட்டுப் பின்னர் விசாரிக்கவில்லை.

ஆசிரியரின் கடமையை நம் முன்னோர் விரிவாகவே எழுதியுள்ளனர். மாணவனை நடத்தும் கடுமை அவனுள் பொய்யையும் வஞ்சத்தையும் விளைவித்து மனிதத்தன்மையையே சிதைக்கும் என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் தனி இயலே வகுத்து விளக்குகிறார். மாணவனைத் தம் மகனாகக் கருதுவதும், அவன் குறையைப் பலரறியப் போட்டு உடைக்காமல் குறிப்பால் உணர்த்துவதும் கற்பிப்போரின் கடமைகள் என்கிறார் இமாம் கஸ்ஸாலி. படத்தில் வரும் கல்லூரி முதல்வர் இவ்வகையில் நெஞ்சில் நிற்பவர். தம் எளிய பிறப்பைப் பரியனிடம் தாமே எடுத்துச் சொல்லி, அவமானத்திற்கு விடை கல்வியே என்கிறார். தந்தையின் தொழிலைச் சொல்லிக் காட்டி ஒருவனை வீழ்த்தவும் முடியும், எழுப்பவும் முடியும். நெசவு செய்து வாழ்ந்தவர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ரஜப் மாதத்தில் இரவு முழுக்க ஓதும் தக்கலையில் இருந்துகொண்டு, நாம் இதை மறக்கலாகாது.

இப்படத்தை மாணவரோடு இருந்து பார்க்கும் ஆசிரியர், நீ எங்கே அழுதாய் என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. அக்கல்லூரித் தெருவில் அன்று நீ இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பாய் என்றும் கேட்க வேண்டும்.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துப் பேசிவிட்டார்கள். அறியாமைக் காலத்தின் எச்சம் உம்மிடம் இருக்கிறது என்ற கருத்தில் நபிகளார் (ஸல்) கண்டித்தார்கள். உங்கள் கீழுள்ளவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உடுப்பதை அவர்களுக்கும் உடுத்துங்கள் என்று அறிவுறுத்தினார்கள். பின்னாளில் ரபதா என்னும் இடத்தில் அபூதரைக் கண்ட ஒருவர், அவரும் அவருடைய பணியாளரும் ஒரே வகை ஆடை அணிந்திருந்ததைக் கண்டு வியந்து காரணம் கேட்டதாலேயே இந்நிகழ்ச்சி நமக்குக் கிடைத்தது, புகாரியில் பதிவாகியுள்ளது. கண்டிக்கப்பட்ட அன்று அபூதர் அழுதார்களா என்று அவ்வறிவிப்பில் இல்லை. ஆடை மாறியது இருக்கிறது.